தொகுப்பு வீடுகளில் தனித்திருப்போர்: சேரி முதியோரின் கூரை வரலாறு

தனியாக வாழும் முதியவர்களுக்குக் கூட்டுக் குடியிருப்பு வேண்டும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. கோவைப் பக்கம் அது ஏற்கெனவே பெரிய வியாபாரம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஓய்வுபெற்றவர்கள் பல லட்சம் கொடுத்து வீடு வாங்குகிறார்கள். சமையலறை பொது, மருத்துவ வசதி பொது, கோயிலும் வளாகத்துக்குள்ளேயே. பல விளம்பரங்களில் 'சுத்த சைவம்' என்று ஒரு வரி இருக்கும். யாருக்கு அந்தக் கதவு திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

நாங்கள் வேலை செய்வது விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் காலனிகளில். இங்கே இந்தப் பேச்சை எடுக்கும்போது ஒரு விசித்திரம் புலப்படுகிறது. அதற்கான சொல் ஏற்கெனவே எங்கள் மக்களிடம் இருக்கிறது: தொகுப்பு வீடு. அரசு கட்டிக் கொடுத்த, வரிசையாக நிற்கும், தளம் ஒழுகும் ஒற்றை அறை வீடுகளுக்கு அந்தப் பெயர். தொகுத்தது வீடுகளை. உள்ளே இருப்பவரைத் தொகுக்கும் எண்ணம் அந்தத் திட்டத்தில் எப்போதும் இருந்ததில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும் பிள்ளைகள் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆயா. இந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையைத்தான் பஞ்சமி நில ஆணை என்கிறோம். பஞ்சமி என்றால் விவசாய நிலம் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் திரெமென்கீர் அழுத்திச் சொன்ன இன்னொன்று, குடியிருக்கும் மனை. சேரியின் மனை பல ஊர்களில் மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால், கூலி கூடுதலாகக் கேட்டால், 'குடிசையைப் பிரித்துக்கொண்டு போ' என்ற ஒரு சொல் போதும். வேலை செய்யும் உடம்பு இருக்கும்வரை அந்தக் குடிசை நிற்கும். உடம்பு ஓய்ந்த கிழவருக்கு அந்த மனையில் என்ன உரிமை இருந்தது? எதுவும் இல்லை. மகன் அந்தப் பண்ணையில் ஆளாக இருக்கும்வரை தகப்பனுக்கும் இடம் உண்டு, அவ்வளவுதான். அதாவது சேரியில் முதுமை என்பது அடுத்த தலைமுறையின் அடிமைத்தனத்தை ஈடாக வைத்து வாங்கிய கூரை.

'அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது, முதியவர்களைத் தாங்கினார்கள்' என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தாங்குவதற்கு வீடு வேண்டும், வீட்டில் தானியம் வேண்டும், சொத்து வேண்டும். நிலம் உள்ள வீட்டில் கிழவருக்குக் கிடைத்த மரியாதையில் பாதி, பத்திரம் அவர் பெயரில் இருந்ததால் கிடைத்தது. எங்கள் தாத்தாக்களின் பெயரில் பத்திரமே இல்லை.

1920களில் சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் துறை வந்து, தாழ்த்தப்பட்டோருக்கு வீட்டு மனைகளை வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த மனைகள் ஊருக்கு வெளியே, பெரும்பாலும் பள்ளத்தில், ஏரிக்கரைக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில் அமைந்தன. பிரிவினை அப்படியே இருந்தது. அதன்மேல் அரசு முத்திரை விழுந்தது. சேரி காலனி ஆனது. இன்றைக்கு எங்கள் தெருக்களில் மழைக்காலம் வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கும், எழுபது வயது ஆயா ஒருவர் ரேஷன் கடைக்குப் போக ஒரு மைல் நடப்பதற்கும் வேர் அங்கே இருக்கிறது.

அதன் பிறகு வருவது நெருப்பின் கதை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதற்காக. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அந்தச் சின்னக் குடிசைக்குள் போய் ஒளிந்தார்கள். வெண்மணியை நாம் வர்க்கப் போராட்டமாகவும் சாதிக் கொடுமையாகவும் பேசுகிறோம், சரி. ஒரு கூரைக்கடியில் ஓட முடியாதவர்களுக்கு என்ன நேரும் என்பதும் அதில் இருக்கிறது.

1971இல் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டது. ஆதிதிராவிடருக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டிக் கொடுப்பது என்பதே அதன் ஆரம்ப நோக்கம். 'தீப்பிடிக்காத வீடு' என்ற அந்த அரசுச் சொல்லை ஒரு நிமிடம் நின்று படித்துப் பாருங்கள். அடுப்புத் தீயும் உண்டு, கொளுத்தி விட்ட தீயும் உண்டு. அரசு எதைச் சொல்கிறது என்று அதில் தெளிவில்லை. எங்கள் பகுதியில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே சேரி தாக்கப்பட்டது, குடிசைகள் எரிந்தன, 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். ஆக, கான்கிரீட் கூரை என்பது எங்கள் மக்களுக்கு வசதியாக வரவில்லை, உயிர்ப் பாதுகாப்பாக வந்தது. இன்றைக்கும் தளம் பெயர்ந்து கம்பி தெரிகிற வீட்டை விட்டு வர மறுக்கும் முதியவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லும் அதிகாரிகள், அவர்கள் எந்த ஆண்டுகளைப் பார்த்தவர்கள் என்று கணக்குப் போட வேண்டும்.

1985இல் இந்திரா ஆவாஸ் யோஜனா வந்தது. தொடக்கத்தில் அது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கான திட்டம். எங்கள் காலனிகளின் தொகுப்பு வீடுகளில் பெரும்பகுதி இந்தக் காலத்தைச் சேர்ந்தவை. அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: வீடு பெண்ணின் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒதுக்கப்பட வேண்டும். அதனால்தான் இன்று தனியாக இருக்கும் ஆயாக்கள் சிலரிடமாவது அவர்கள் பெயரிலேயே ஒரு காகிதம் இருக்கிறது. அவர்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அதுதான். மகன் சண்டை போட்டாலும் 'எம் பேர்ல இருக்குது' என்று சொல்ல முடிகிறது.

ஆனால் எல்லாத் திட்டங்களையும் போலவே இதுவும் குடும்பத்தைத்தான் எண்ணியது. தனி ஆளை எண்ணவில்லை. இப்போதைய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். பட்டா வேண்டும். பணம் கட்டட நிலைக்கு ஏற்பத் தவணையாக வரும். முதல் தவணை வருவதற்கு முன் கடைக்கால் போடக் கையில் காசு வேண்டும், மேஸ்திரியோடு நின்று வேலை வாங்க ஆள் வேண்டும், செங்கல் மணல் இறக்கத் தெம்பு வேண்டும். எழுபத்தைந்து வயதில் தனியாக இருப்பவர் இதை எப்படிச் செய்வார்? தகுதிப் பட்டியலில் பெயர் இருக்கும், வீடு வராது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தலித் குழந்தைகளுக்கு அரசு கூட்டாகத் தங்கும் இடம் கட்டியிருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகள் மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. அவற்றின் குறைகளை வாய் ஓயாமல் பேசுகிறவர்கள்தான் நாங்கள். ஆனாலும் எங்களில் பலர் படித்து வெளியே வந்தது அந்த விடுதிகளின் வழியாகத்தான். படிக்கும் வயதில் இருப்பவருக்கு விடுதி கட்டிய அரசுக்கு, உழைத்து ஓய்ந்தவருக்கு ஒன்று கட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் பண்ணையார் காலத்து அதே கணக்குத்தான்: இனி உழைக்கப் போகிறவருக்குச் செலவழிக்கலாம்.

அரசு முதியோருக்கு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1962இல் தமிழ்நாட்டில் மாதம் 20 ரூபாயுடன் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. 2011இல் 1,000 ரூபாய் ஆனது, 2023இல் 1,200. இதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு வெறும் 200 ரூபாய். அது எத்தனையோ ஆண்டுகளாக அசையவே இல்லை. 'ஓஏபி' என்று எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும் சொல்லும் அளவுக்கு இந்தப் பணம் வாழ்க்கையில் கலந்திருக்கிறது. மகன் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது என்று மனுவைத் தள்ளுபடி செய்வது மட்டும் ஓயவில்லை. அந்த மகன் ஓசூரில் வாடகைக்கு இருக்கிறான், பொங்கலுக்கு வருவான்.

ஓய்வூதியத்தோடு சேர்ந்த இன்னொரு ஏற்பாட்டைப் பலர் மறந்துவிட்டார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1983இல், முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்களும் சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம் என்று திட்டம் விரிவானது. தனியாக இருக்கும் முதியவருக்கு ஊரிலேயே, நடந்து போகும் தூரத்தில், ஒருவேளை சூடான சோறு! கூட்டுக் குடியிருப்புக்கு முதல் தேவை கூட்டு அடுப்பு என்றால், அது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கிராமத்துக்குக் கிராமம் எரியத் தொடங்கியது.

பிறகு ஏன் அந்த வரிசையில் இப்போது முதியவர்களைக் காணோம்? மையத்துக்கு வராதவர்களுக்கு மாதம் நான்கு கிலோ அரிசி, வருகிறவர்களுக்கு இரண்டு கிலோ என்று விதி வந்தது. பலர் அரிசியை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். நாங்கள் கேட்டவரையில் இதற்கு மூன்று விதமான பதில்கள் வருகின்றன. மையம் ஊர்த்தெருப் பள்ளியில் இருக்கிறது, வெயிலில் நடக்க முடியவில்லை என்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு தட்டேந்தி நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். மூன்றாவதை நேராகச் சொல்வதில்லை. 'அங்க நம்மள எங்க ஒக்கார வெப்பாங்க' என்று ஒரு கேள்வியாகச் சொல்கிறார்கள். தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று 2018இல் அவிநாசி பக்கத்தில் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் நடந்த ரகளை நாடறிந்தது. பிள்ளைகளுக்கான சோற்றிலேயே இதைச் செய்கிறவர்கள் முதியவர்களோடு சேர்ந்து உட்காருவார்களா? பொது அடுப்பு என்பது தமிழ்நாட்டுக் கிராமத்தில் மிகக் கடினமான அரசியல் கோரிக்கை. கட்டடம் கட்டுவது அதைவிடச் சுலபம்.

சேர்ந்து வாழும் குடியிருப்பை அரசு முயன்றே பார்க்கவில்லையா என்றால், பார்த்தது. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் அப்படி ஒரு முயற்சி. முதலாவது 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு, மற்றவை பிற சாதியினருக்கு, எல்லாருக்கும் ஒரே சுடுகாடு. எங்கள் மாவட்டத்தில் வானூர் ஒன்றியம் கொழுவாரியில் கட்டப்பட்ட சமத்துவபுரம் பல ஆண்டுகள் திறக்காமல் கிடந்து 2022 ஏப்ரல் 5 அன்றுதான் திறக்கப்பட்டது. இந்தத் திட்டத்தைக் கிண்டல் செய்வது எளிது. நூறு வீட்டில் சாதி ஒழிந்துவிடுமா என்பார்கள். எங்கள் கருத்து வேறு: ஊருக்கு வெளியேதான் சேரி என்ற இலக்கணத்தை மண்ணில் மாற்றி எழுதிய அரசுத் திட்டம் வேறு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கும் எண்ணப்பட்டது குடும்பம்தான். நூறில் ஐந்து வீடுகளையாவது தனித்து வாழும் முதியோருக்கு, இருவர் அல்லது மூவர் சேர்ந்து இருக்கும்படி ஒதுக்க வேண்டும் என்று அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று எழுதவில்லை. அந்தச் சொல்லின் சந்தில் தனியார் இல்லங்கள் நுழைந்தன.

அவற்றில் ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. விக்கிரவாண்டி வட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமம். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று அவருடைய உறவினர்கள் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போனபோது உரிய அனுமதி இல்லாமல் அது நடந்துவந்தது தெரிந்தது. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடித்தார்கள், கட்டிப் போட்டார்கள், பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்றெல்லாம் புகார்கள் எழுந்தன. வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. நாங்கள் கேட்பது வேறு. தேடி வந்து நீதிமன்றப் படியேற ஒருவருக்கு உறவு இருந்தது, அதனால் தெரிந்தது. தேட யாருமே இல்லாதவர்களைத்தானே இந்த இல்லங்கள் சேர்த்துக்கொள்கின்றன? சாலையில் கிடக்கும் முதியவரை 'ஹோமில் சேர்த்தாச்சு' என்று படம் போடுவது சமூகசேவை ஆகிவிட்ட காலம் இது. சேர்த்த பிறகு அடுத்த மாதம் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? குண்டலப்புலியூருக்குப் பிறகு எங்கள் காலனிகளில் 'ஹோம்' என்ற சொல்லுக்கே முகம் சுருங்குகிறது. ஒரு ஆயா சொன்னார்: "எங்கியோ கொண்டு போயி வுட்டா செத்தாக்கூடத் தெரியாது கண்ணு. இங்கன்னா காலையில கதவு தொறக்கலன்னா நாலு பேரு வந்து தட்டுவாங்க."

எல்லா இல்லங்களும் அப்படி என்று சொல்ல வரவில்லை. பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் இருக்கிறது. ஒரே பெரிய கூடமாக இல்லாமல் சிறு வீடுகளாகக் கட்டி, சுமார் நூறு பேர் வாழும்படி அமைத்தார்கள். தனிக் கதவு, பொதுச் சாப்பாடு. பேரழிவுக்கு வந்த பணத்தில்தான் இது நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அலை வந்தால்தான் முதியவருக்கு வீடு என்றால், அலை வராத ஊர்க்காரர்கள் என்ன செய்வது?

கொரியாவிலிருந்து ஓர் உதாரணம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அங்கே கிராமந்தோறும் முதியவர்கள் பகலில் கூடும் மன்றங்கள் உண்டு. தெற்கே கிம்ஜே என்ற விவசாயப் பகுதியில் 2000களின் நடுவில் அந்த மன்றங்கள் சிலவற்றைத் தனியாக வாழ்கிறவர்கள் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உறங்கும் இடமாக மாற்றினார்கள். ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை, சொந்த வீட்டையும் இழக்க வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது எங்கள் நினைவுக்கு வந்தவை, காலனிகளில் பூட்டிக் கிடக்கும் பழைய தொலைக்காட்சி அறைகளும், தேர்தலுக்கு மட்டும் திறக்கும் சமுதாயக் கூடங்களும். முதியவர்கள் கூடும் பழக்கம் எங்களிடம் இல்லாமல் இல்லை. நூறு நாள் வேலை 2006இல் தமிழ்நாட்டில் முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஏரிக்கரையில் கிழவிகள் மண் சுமந்ததைப் பார்த்துக் கேலி பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கு அது கூலி மட்டும் இல்லை. காலையில் ஒருவர் இன்னொருவரை அழைத்துக்கொண்டு போவதும், தூக்குச் சட்டியைப் பகிர்ந்து சாப்பிடுவதும், வராதவரைத் தேடிப் போவதும் அங்கே நடந்தன. கூட்டு வாழ்க்கை என்று எதைச் சொல்கிறோமோ அதில் பாதி அந்த வேப்பமரத்து நிழலில் இருந்தது.

காலனிக்குள்ளேயே முதியோர் வீடு கட்டினால் தீண்டாமைச் சுவரை நாமே பலப்படுத்துவது ஆகாதா என்று எங்கள் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊர்த்தெருவில், பொது நத்தத்தில், எல்லாச் சாதி முதியவருக்கும் ஒரே கூரை என்பதே சரியான கோரிக்கை. புதிதாகக் கட்டுவது எதுவானாலும் அங்கேதான் கட்ட வேண்டும். ஆனால் எண்பது வயதுக்காரரிடம் சாதி ஒழியும்வரை ஒழுகும் வீட்டில் இரு என்று சொல்ல எங்களால் முடியாது. இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம். பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அந்த நிலங்களில் மீட்கப்படும் ஒரு துண்டையாவது முதியோர் வீட்டுக்கு ஒதுக்கச் சொல்வதில் தவறு என்ன?

நடைமுறை வேலைகள் சின்னவை. ஆனால் அவற்றை எழுதி வாங்க வேண்டும். கூட்டு வீட்டுக்கு வருகிறவரின் தொகுப்பு வீடு அவர் பெயரிலேயே இருக்க வேண்டும், பட்டாவை யாரும் கேட்கக் கூடாது. ஒழுகும் தளத்தை ஊரகக் குடியிருப்புச் சீரமைப்பு நிதியில் ஊராட்சியே நின்று சரிசெய்து தர வேண்டும். முதியவர் கையில் தவணையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கக் கூடாது. சமைக்கிறவர் யார் என்பதைச் சாதி பார்த்து முடிவு செய்ய விடக் கூடாது. நிர்வாகத்தை வெளி அறக்கட்டளைக்குத் தூக்கிக் கொடுக்காமல், தெருவின் மகளிர் குழுவும் அங்கே வாழ்கிறவர்களும் சேர்ந்து பார்க்க வேண்டும். கணக்கு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

இறப்பைப் பற்றியும் எழுதச் சொல்லி ஆயாக்களே கேட்டார்கள். எங்கள் ஊர்களில் பலவற்றில் காலனிச் சுடுகாட்டுக்குச் சரியான பாதை கிடையாது. பயிர் நிற்கும் காலத்தில் வரப்பில்தான் பாடையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கூட்டு வீட்டில் சாகிறவரை யார் தூக்குவது, எந்தப் பாதையில், எந்த மண்ணுக்கு என்று கேட்டார்கள். மகன் வரத் தாமதமானால் காத்திருப்பீர்களா என்றும் ஒருவர் கேட்டார்.

மே 1 கிராம சபைக்கு மூன்று ஊராட்சிகளில் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். பூட்டிய தொலைக்காட்சி அறையைத் திறந்து, கழிப்பறை கட்டி, கைப்பிடிக் கம்பி வைத்து, தனியாக வாழும் முதியவர்கள் இரவில் தங்க ஏற்பாடு செய்வது முதல் வரி. 1983 ஆணைப்படி மதியச் சோற்றை அந்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பது இரண்டாவது. சுடுகாட்டுப் பாதை மூன்றாவது. அந்த வரியைச் சேர்த்தால்தான் கைநாட்டு வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.